ஜனாதிபதியின் காரும் சங்கத்து நாற்காலியும்

பத்மா, குமார் — போன வாரம் உங்கள் மாமா கழுத்து நிறைய மாலையும் வெறும் வயிறுமாக வீட்டுக்குப் போனதைப் பார்த்தீர்கள் அல்லவா?

சோற்றுக்குப் பஞ்சமில்லை. பருப்பு, நெய், பாயசம்... எல்லாம் இருந்தது. விழா நாயகர் மட்டும் ஒரு பருக்கை தொடவில்லை. "மாமா ஏன் நைனா சாப்டல?" என்று குமார் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான். எனக்குப் பதில் தெரியாமல் இல்லை... சொல்ல ஆரம்பித்தால் அமெரிக்கா வரை போய் வரவேண்டும்.

சரி, போய்த்தான் வருவோம். வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற மற்றக் குழந்தைகளும் கூட வரலாம். அவர்களுக்காக முதலில் எங்கள் வீட்டு விவகாரத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

செஞ்சியில் மல்லாட்டை வியாபாரிகளுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. வேறு ஊர்ப் பிள்ளைகள் அப்படியே படித்துக்கொள்ளுங்கள். அந்தச் சங்கத்துக்கு வெகுகாலமாக என் அண்ணன்தான் தலைவர். என் பிள்ளைகளுக்குப் பெரியப்பா. இந்த வருஷம் தேர்தலில் அவரை எதிர்த்து நின்று ஜெயித்தவர் வெளியாள் இல்லை — என் மனைவியின் தம்பி. பிள்ளைகளுக்கு மாமா.

ஆகக்கூடி, தோற்றவரும் என் வீடு. ஜெயித்தவரும் என் வீடு. ஓட்டுப் போட எனக்கு உரிமை இல்லாமல் போனதுதான் ஒரே ஆறுதல். நான் சாக்கு வியாபாரி. மல்லாட்டை வந்து விழுவது என் சாக்கில்தான் என்றாலும் சங்கத்தில் எனக்கு இடமில்லை!

இன்னொன்றும் சொல்லவேண்டும். நாங்கள் நயினார் வீட்டார், அதாவது தமிழ்ச் சமணர்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. விளக்கைத் தேடி வருகிற பூச்சி தெரியாமல் சோற்றில் விழுந்து உயிர் விடக் கூடாது என்பதற்காக அந்தக் காலத்திலேயே ஏற்படுத்திய வழக்கம்.

சந்தை நாளில் மண்டியில் வேலை சட்டென்று முடியாது. அவலூர்பேட்டை வண்டி, அனந்தபுரம் வண்டி என்று மூட்டை இறங்கிக்கொண்டே இருக்கும். அண்ணனும் மச்சானும் பொழுதோடு ஓட்டப்பந்தயம் ஓடி, மண்டிக்குப் பக்கம் என்பதால் எங்கள் வீட்டுக்கு வந்து சேருவார்கள். தலையெல்லாம் மல்லாட்டைத் தூசி. கையைக் கழுவிக்கொண்டு நேராக இலையில் உட்காருவார்கள். ராஜகிரி மலை உச்சியைச் சூரியன் தொடும் நேரத்தில் மோர் சாதத்துக்கு வந்திருப்பார்கள். "தம்பி, இன்னும் ஒரு பிடி போடலாமா, பொழுது இன்னா சொல்லுது பாரு" என்று அண்ணன் கேட்பார். ஜன்னலை எட்டிப் பார்த்துச் சொல்வது குமாரின் உத்தியோகம்.

தேர்தலுக்குப் பிறகு அந்த இரண்டு இலையும் விழவில்லை. சண்டை கிடையாது. ஒரு சுடுசொல் கிடையாது. அதுதான் கஷ்டம்... சண்டை என்றால் சமாதானம் பண்ணலாம். இவர்கள் ஒருவர் வருகிற நேரம் பார்த்து இன்னொருவர் வராமல் இருந்தார்கள். கடைசியில் இருவருமே வரவில்லை.

நம் ராஜகிரிக் கோட்டை உச்சிக்கு முன்னால் ஒரு பெரிய பிளவு இருக்கிறதே, பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போய்க் காட்டினார்களே, ஞாபகமிருக்கிறதா? அந்தக் காலத்தில் அதன் மேல் மரப்பாலம். மேலே ஏறியவர்கள் பாலத்தைத் தூக்கிக்கொண்டால் கீழே இருப்பவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான். அந்த மாதிரி இரண்டு பேரும் பாலத்தைத் தூக்கிவிட்டார்கள். நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தவன் நான்.

இந்த நேரத்தில்தான், ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டுகிற வேன் ஒன்று நம் ஊருக்கு வந்தது.

மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டி, இருட்டினதும் படம் போட்டார்கள். சுட்டுக் கொல்லப்பட்ட அமெரிக்க ஜனாதிபதியைப் பற்றிய படம். அவர் பதவி ஏற்ற நாளை நீளமாகக் காட்டினார்கள். தரையெல்லாம் பனி. அத்தனை பேர் வாயிலும் புகை — "எல்லாரும் பீடி குடிக்கிறாங்களா?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டு, மைதானமே சிரித்தது.

வயதான ஒரு கவிஞர் எழுந்து வந்தார். பனியில் பட்டுத் தெறித்த வெயில் கண்ணைக் கூசச் செய்ததில் கையிலிருந்த காகிதத்தை அவரால் படிக்க முடியவில்லை. காகிதத்தை விட்டுவிட்டு, மனப்பாடமாகத் தெரிந்த தம் பழைய பாட்டு ஒன்றைச் சொன்னார். அந்தக் குளிரில் புது ஜனாதிபதி மேல்கோட்டைக் கழற்றிவிட்டு நின்று, வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்துப் பிரமாணம் செய்தார்.

நீங்கள் இரண்டு பேரும் என் இரு பக்கத்திலும் உட்கார்ந்திருந்தீர்கள். ஒரே துணியில் ஒரே படம். ஆனால் இரண்டு பேரும் பார்த்தது ஒன்றா? இல்லை என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

குமார், நீ நாற்காலியைப் பார்த்தாய். "பழைய ஜனாதிபதி எதுக்கு நைனா அங்க வந்து ஒக்காந்துனு இருக்காரு? அவருதான் போயாச்சே?" என்று கேட்டாய்.

பத்மா, நீ காரைப் பார்த்தாய். காலையில் புது ஜனாதிபதி, பழையவர் இருக்கிற மாளிகைக்குத் தாமே போகிறார். பிறகு இருவரும் உயரத் தொப்பி வைத்துக்கொண்டு ஒரே காரில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து விழாவுக்கு வருகிறார்கள். "பேசிக்கினே வராங்க நைனா" என்று என் தோளைத் தட்டினாய்.

நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். கிளை நூலகத்திலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஹைஸ்கூல் சரித்திர வாத்தியாரிடம் போனேன். அவர் இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொல்ல, நான் கேட்டுக்கொண்டேன்.

அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஒரு மாடி முகப்பில் நின்று பதவி ஏற்றாராம். எல்லா ஏற்பாடும் செய்தவர்கள் வேதப் புத்தகத்தை மறந்துவிட்டார்கள்! பக்கத்திலிருந்து இரவல் வாங்கிவந்து கை வைத்தார்கள். கல்யாண வீட்டில் தாலியை மறந்த மாதிரி இல்லை? பெரிய தேசம் என்றால் மட்டும் மறதி இருக்காதா என்ன!

பிரமாணம் ரொம்பச் சின்னது. ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். அரசியல் சட்டத்தைக் காப்பேன், என்னால் முடிந்தவரை காப்பேன் — அவ்வளவுதான். 'என்னால் முடிந்தவரை' என்ற இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. நான் தெய்வமில்லை, மனிதன் என்று முதல் நாளே ஒத்துக்கொள்கிறார் பாருங்கள்.

ஒருவர் குளிரில் மேல்கோட்டு இல்லாமல் நின்று மணிக்கணக்கில் பேசினாராம். ஒரே மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டார். இன்னொருவர் உப ஜனாதிபதியாக இருந்து, லீவில் கிராமத்து வீட்டுக்குப் போயிருந்தபோது, பதவியில் இருந்த ஜனாதிபதி இறந்த செய்தி வந்தது. மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், பெற்ற அப்பாவே மகனுக்குப் பிரமாணம் செய்து வைத்தார். இதை மட்டும் வாத்தியாரை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்... ஏனென்று நீங்கள் அப்பா ஆனால் தெரியும், அம்மா ஆனாலும் தெரியும்.

முன்காலத்தில் தேர்தல் முடிந்து, பனிக்காலமெல்லாம் கழிந்து, மார்ச் மாதத்தில்தான் பதவி ஏற்பு. குதிரையிலும் வண்டியிலும் வந்து சேர அவ்வளவு நாள் வேண்டியிருந்தது. இப்போது ஜனவரி இருபது, நடுப்பகல். கடிகாரம் பன்னிரண்டு அடித்தால் பழையவர் சாதாரண மனிதர். பீரங்கி வெடிக்கிறது — மரியாதைக்கு மட்டும்.

நம் கோட்டையை நினைத்துப் பார்த்தேன். நாயக்கர், பீஜப்பூரார், மராட்டியர், முகலாயர், நவாபு, பிரெஞ்சுக்காரர், இங்கிலீஷ்காரர்... எத்தனை கை மாறியிருக்கிறது! ஒவ்வொரு தடவையும் முற்றுகை, பட்டினி, பீரங்கி. பழைய ராஜா புது ராஜாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார் என்று ஒரு கதை உண்டா? இந்த ஊரில் அப்படி ஒரு காட்சியைக் கோட்டைக்குள் இருக்கிற கல்யாண மகாலும் பார்த்ததில்லை, யானைக்குளமும் பார்த்ததில்லை.

பதவி ஏற்பு என்பது வருகிறவருக்கான விழா என்று நினைத்திருந்தேன். இல்லை... போகிறவர் வந்து உட்காருகிறாரே, அதில்தான் அதன் அர்த்தமே இருக்கிறது என்று வாத்தியார் சொன்னார். தோற்றவர் எழுந்து நின்று கை தட்டினால்தான் ஜெயித்தவர் முழுசாக ஜெயித்தார் என்று கணக்கு.

நான் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த அந்த நாட்களில் நீங்கள் இரண்டு பேரும் சும்மா இருக்கவில்லை. பெரியவர்கள் பாலத்தைத் தூக்கினாலும் பிள்ளைகளுக்கு எல்லா வீடும் திறந்துதானே கிடக்கிறது? மாமா வீட்டுச் செல்லமான குமார் நாற்காலிக் கதையை மாமாவிடம் சொன்னான். பெரியப்பா வீட்டுச் செல்லமான பத்மா கார்க் கதையைப் பெரியப்பாவிடம் சொன்னாள்.

இரண்டும் நிஜம். ஆனால் ஆளுக்குப் பாதி.

விழா நாள் வந்தது. சங்கத்துக் குடோனைக் கூட்டிப் பெருக்கி, தோரணம் கட்டினார்கள். நம் சங்கத்தில் புதுத் தலைவர் கை வைப்பது புத்தகத்தின் மேல் இல்லை. பொதுத் தராசு ஒன்று தொங்குகிறது. அதன் கோலைத் தொட்டு, எடையில் பொய் வராமல் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லவேண்டும். உங்கள் மாமா அதைத் தொட்டுச் சொன்னபோது அவர் விரல் பட்டுக் கோல் ஆடியது. "கோலே தலைய ஆட்டிடுச்சி, இனி இன்னா, சாப்பாடுதான்" என்றார் ஒரு கிழ வியாபாரி.

மேடையில் மாமா பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாக இருந்தது. உயர்ந்த முதுகு வைத்த நல்ல நாற்காலி. சங்கத்தில் இதற்கு முன் இப்படி ஒரு வழக்கம் கிடையாது. யாருக்கு என்று எல்லாருக்கும் புரிந்தது.

பந்தியிலும் மாமாவின் இலைக்குப் பக்கத்தில் ஒரு இலை. எல்லாம் பரிமாறி, நெய்யும் விட்டாகிவிட்டது. மாமா உட்கார்ந்து வாசலைப் பார்த்தார். சாப்பிடச் சொன்னோம். "வரட்டும்" என்றார். முதல் பந்தி முடிந்து எழுந்தது. வெயில் தரையிலிருந்து சுவரில் ஏறியது. குடோன் வாசலிலிருந்து பார்த்தால் ராஜகிரி நேர் எதிரே. சூரியன் மலைக்குக் கிட்டே வந்துவிட்டது.

நான் செருப்பை மாட்டினேன். உங்கள் மாமா என் கையைப் பிடித்தார்; அவருக்கு நான் மாமா.

"வேணாம் மாமா. நீங்க போயி இட்டாந்தா, அது அவரு வந்ததா ஆவாது. அவரா வரணும்."

"பொழுது போவுதேடா."

"போவட்டும். அவரு எடம் என் பக்கத்துல காலியா இருக்கசொல்ல நான் எப்படிக் கை வெக்கிறது?"

பொழுது போய்விட்டது. மலைக்குப் பின்னால் செம்மை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. மாமா எழுந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல், மாலையைக் கழற்ற மறந்து வீட்டுக்கு நடந்தார்.

அன்று அண்ணன் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தப் பக்கம் கொள்ளாது. நாற்காலி போட்டு, இலை போட்டு ஒருவன் காத்திருக்கிறான்... வந்தால் என்ன?

மறுநாள் காலை உங்கள் அம்மா தண்ணீர்க் குழாயடியிலிருந்து வந்து குடத்தை இறக்கினாள். இறக்கிய கையோடு உட்கார்ந்துவிட்டாள். பெரியம்மா அங்கே சொன்னதைச் சொன்னாள். முந்தைய நாள் மத்தியானமே பெரியப்பா புது வேட்டி கட்டி, தலைப்பாகை வைத்து, செருப்பை வாசலுக்கு நேராகத் திருப்பி விட்டு உட்கார்ந்துவிட்டாராம். தெருவில் குதிரைச் சலங்கை கேட்கும்போதெல்லாம் எழுந்திருப்பாராம். சாப்பிடக் கூப்பிட்டதற்கு, அங்கே பந்தி இருக்கும் என்றாராம். பொழுது சாய்ந்ததும் தலைப்பாகையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துவிட்டாராம்.

ஒரே ஊரில், அடுத்தடுத்த தெருவில், ஒருவருக்காக ஒருவர் பட்டினி.

நான் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்துவிட்டு, தானாகவே சொன்னார்.

"பத்மா சொன்னாடா. அங்கல்லாம் ஜெயிச்சவரு வூட்டுக்கே வந்து வண்டில ஏத்திக்கினு போவாராமே. கொழந்த பொய்யா சொல்லும்?"

பொய் இல்லை என்றேன். ஆனால் நாற்காலி போட்டிருந்தார்களே என்றேன்.

"நாற்காலிக்கு இன்னா? நான் ஒண்டியா நடந்து போயி அதுல ஒக்காந்தா, ஊரு தோத்தவனத்தான் பாக்கும். அவன்கூட வண்டில போயி எறங்கினா... ரெண்டு பேரப் பாக்கும்."

இதைச் சொல்லிவிட்டு மல்லாட்டை ஒன்றை உரித்துக்கொண்டே இருந்தார். தின்னவில்லை.

அங்கிருந்து நேராக மண்டிக்குப் போய் மச்சானிடம் நடந்ததைச் சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவர் வண்டியைப் பற்றிக் கேட்கவில்லை. நாற்காலியைப் பற்றிக் கேட்கவில்லை. "அவருமா அன்னிக்கி சாப்டல?" என்று மட்டும் கேட்டார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏற்கெனவே எடை போட்ட மூட்டையை மறுபடியும் தராசில் ஏற்றச் சொன்னார்.

பிள்ளைகளே, தடிப் புத்தகத்தில் இன்னொரு கதையும் இருந்தது. அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதியும் மூன்றாவது ஜனாதிபதியும் உயிருக்குயிரான சிநேகிதர்கள். தேர்தல் வந்து பிரிந்தார்கள். இரண்டாமவர் தோற்றார். மூன்றாமவர் பதவி ஏற்கிற அன்று, விடிவதற்கு முன்பே வண்டி ஏறி ஊரைவிட்டுப் போய்விட்டார். நாற்காலியும் இல்லை, காரும் இல்லை.

பத்து வருஷத்துக்கு மேல் பேச்சு வார்த்தை கிடையாது. நடுவில் ஒரு சிநேகிதர், வைத்தியர், இரண்டு பேருக்கும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவர்கள் ஒருவருக்கொருவர் எழுத ஆரம்பித்தார்கள். அதன்பின் நிறுத்தவே இல்லை. இருவரும் தள்ளாத வயதில், தங்கள் தேசம் பிறந்த நாளில், ஒரே நாளில் இறந்தார்கள். வாத்தியார் இதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

நல்ல முடிவுதான். ஆனால் அந்தப் பத்து வருஷத்துச் சாப்பாட்டை யார் திருப்பித் தருவது?

அந்தக் காரை மறுபடி நினைத்துக்கொள்கிறேன். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்த இரண்டு பேர். வயதானவர் இன்றும் இருக்கிறார். இளையவர் போய்விட்டார். அவருக்கு அடுத்தவர் பதவி ஏற்றது ஒரு விமானத்துக்குள். பக்கத்தில் நின்றது இறந்தவரின் மனைவி. பனியில் அந்தக் கார் போனபோது யாராவது இதை நினைத்திருப்பார்களா?

பத்து வருஷம் காத்திருக்க நமக்குத் தெம்பும் இல்லை, அத்தனை பெரிய தேசமும் இல்லை. இரண்டே தெருதான் இருக்கிறது.

ஆகவே நேற்று ஜட்கா வண்டி அமீர் பாயிடம் போனேன். நாளைக்குச் சந்தை நாள், பொழுது சாயும் முன்பு மண்டி வாசலில் வண்டியை நிறுத்துங்கள் என்றேன். யார் ஏறுவது, எங்கே போவது என்று கேட்டார். மச்சான் ஏறி அண்ணன் வீட்டுக்கு என்று சொன்னேன்.

"ரெண்டு தெருவு தாண்டறதுக்கா நயினாரே? குதிர சிரிக்கும்."

"சிரிக்கட்டும் பாய். வண்டி வந்து நிக்கணும், அவ்ளோதான்."

மச்சானிடம், நாளை மண்டி வாசலில் வண்டி நிற்கும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். ஏறி எங்கே போகவேண்டும் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அண்ணனிடம் ஒன்றுமே சொல்லவில்லை.

இன்றுதான் அந்தச் சந்தை நாள். நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் வரவில்லை. அம்மா அடுப்படியில் இருக்கிறாள். சாயங்காலத் தபாலுக்கு இதைச் சேர்க்கவேண்டும் என்பதால் வேகமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். தெருவில் இதுவரை சலங்கைச் சத்தம் இல்லை.

கொஞ்சம் முன்னால் பேனாவை வைத்துவிட்டு, யாருக்கும் சொல்லாமல் கொல்லைக்குப் போனேன். நுனி கிழியாத வாழையிலையாகப் பார்த்து இரண்டு அறுத்தேன். தண்ணீர் தெளித்துத் துடைத்து, கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவிட்டு, ஜன்னலை எட்டிப் பார்த்தேன்.

பொழுது இன்னும் இருக்கிறது.